ஐந்தாவது ஏன்

ஒரகடம் பக்கம் சில வருடம் கம்பெனியில் வேலை பார்த்தவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டே தீரவேண்டும் என்றால் சமையலறைப் பக்கம் விடாதீர்கள். உப்பு ஜாடிக்கும் புளி ஜாடிக்கும் நடுவே மஞ்சள் டேப்பை ஒட்டிக் கோடு போட்டுவிட்டுத்தான் அவன் இலையில் உட்காருவான். அனுபவத்தில்தான் சொல்கிறேன். கோடு போட்டவனே நான்தான்.

எனக்கு ஊர் உடன்குடிப் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு பஸ் ஏறி வந்து, கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் சேர்ந்தேன். பென்னலூரில் ரூம். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஃபைவ் எஸ் என்ற வியாதி என்னைப் பிடித்துக்கொண்டது. வேண்டாததைத் தூக்கிப் போடு, வேண்டியதை அதனதன் இடத்தில் வை, துடைத்து வை, எப்போதும் அப்படியே வைத்திரு, சாகும்வரை விடாதே. ஐந்தே கட்டளைகள், ஜப்பானிலிருந்து வந்தவை. (இதையேதான் ஊரில் அம்மா என் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னபோது காதில் ஏறவில்லை. ஜப்பான்காரன் சொன்னதும் ஏறிவிட்டது.) அந்த வருடம் எங்கள் லைனுக்கு ஃபைவ் எஸ் போட்டியில் முதல் பரிசு. சான்றிதழும் ஒரு ஹாட் பாக்ஸும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நான் தரையில் நடக்கவே இல்லை.

வியாதி முற்றியிருந்த அந்த நேரத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். வல்லக்கோட்டை போகிற வழியில் புதிதாக முளைத்த ஒரு நகரில் வீடு. எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம். பெண்ணின் பெயர் ரீனா. செல்போன் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் வேலை. நாள் முழுக்க போனைக் கருவியில் மாட்டி, பாஸ், ஃபெயில் என்று பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பெண் பார்க்கப் போன அன்று என்னையும் அப்படித்தான் பார்த்தாள். பாஸ் என்று சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள்.

ரீனாவின் அப்பா லூர்துசாமி கல்யாண வீடியோ எடுப்பவர். ஸ்டுடியோ என்று தனியாக எதுவும் கிடையாது. வீட்டின் முன்னறையில் ஒரு மேஜை, மேஜைமேல் இரண்டு திரை, கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி. அந்தச் சுற்றுவட்டாரத்தின் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, முதல் நன்மை, கல்யாணம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. முருகன் கோயில் கல்யாணம், மாதா கோயில் கல்யாணம் என்ற பேதமெல்லாம் மாமாவுக்கு இல்லை. "தாலி கட்ற நேரத்துல எவனாச்சும் ஒருத்தன் கரெக்டா கேமரா முன்னாடி வந்து நிப்பான் மாப்ள. அது எல்லா மதத்துலயும் உண்டு" என்பார்.

நிச்சயம் முடிந்து முதல் ஞாயிறு. விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சமையல் முடியவில்லை. ரீனா எதிரே உட்கார்ந்திருந்தாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தால் வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று பார்வையைத் தாழ்த்தினேன். தாழ்த்திய இடத்தில் அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. என் கெட்ட நேரம்.

பெட்டியின் பக்கக் கதவு, அதாவது அந்தத் தகர மூடி, கழற்றிச் சுவரோரம் சாய்த்திருந்தது. பெட்டிக்குள்ளிருந்து வயர்கள் குடலைப் போல வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. சூடாகாமல் இருக்க எதிரே ஒரு டேபிள் ஃபேன். எனக்குக் கை நமநமவென்று அரித்தது.

"என்ன மாமா, வயரெல்லாம் இப்படிக் கெடக்கு?"

"அது பத்து வருசமா அப்டித்தான் கீது மாப்ள. ஒண்ணும் பண்ணாது."

அந்த இடத்தில் விட்டிருக்கலாம். ஆனால் என் பேன்ட் பாக்கெட்டில் எப்போதும் பத்திருபது கேபிள் டை இருக்கும். வயர்களைச் சேர்த்து இறுக்கிக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை. மற்றவர்கள் கைக்குட்டை வைத்திருப்பதுபோல நான் அதை வைத்திருந்தேன். "ஒரு நிமிசம் மாமா, நான் பாத்துக்கிடுதேன்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டேன். கம்ப்யூட்டரை அணைத்து, உள்ளே இருந்த தூசியைத் துடைத்து, எல்லா வயரையும் ஒன்றாகச் சேர்த்து, ஆறங்குலத்துக்கு ஒரு டை போட்டு இறுக்கி, அழகாக ஒரு கட்டாக்கினேன். பக்கக் கதவைப் பொருத்தி நாலு ஸ்க்ரூவையும் முறுக்கினேன். கதவு கொஞ்சம் முரண்டு பிடித்தது. முழங்காலால் ஒரு அழுத்து அழுத்தினேன், மூடிக்கொண்டது. கடைசியாகப் பெட்டியைச் சுற்றித் தரையில் மஞ்சள் டேப் ஒட்டி, கதவின் மேல் ஒரு சின்ன மஞ்சள் பட்டையும் ஒட்டினேன்.

மாமியார் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்து, "இன்னா நீட்டா பண்ணிட்டாரு பாரேன்!" என்றார். ரீனா புன்னகைத்தாள். அன்று இரண்டு மீன் துண்டு அதிகமாகவே விழுந்தது. பைக்கில் திரும்பும்போது கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன்.

இரண்டு நாளில் மாமாவிடமிருந்து போன்.

"மாப்ள, ஒண்ணுமில்ல, சும்மாதான் பண்ணேன். டி டிரைவ்வ காணோம்."

"காணோம்னா?"

"காணோம்னா காணோம்தான். கம்ப்யூட்டரு எப்பவும் மாதிரி ஆன் ஆவுது. உள்ள போய்ப் பாத்தா டி மட்டும் இல்ல. நேத்து இருந்துச்சி."

அந்தக் கம்ப்யூட்டருக்குள் இரண்டு டிஸ்க். கம்ப்யூட்டரை ஓட்டுவது சின்னது. டி என்கிற பெரியதில்தான் எல்லா வீடியோவும். அதைக் காணோம் என்றால் ஊரில் பாதிப் பேருடைய கல்யாணத்தைக் காணோம். அந்த நேரத்தில் வடக்குப்பட்டுக் குடும்பம் ஒன்றின் கல்யாண வீடியோ அதில் இருந்தது. வல்லக்கோட்டைக் கோயிலில் நடந்த கல்யாணம். மாப்பிள்ளைப் பையன் துபாய்க்குக் கிளம்புவதற்குள் வீடியோ கைக்கு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கேமரா கார்டுகளில் இருந்ததை மாமா ஏற்கனவே அழித்து, அடுத்த விசேஷத்தையும் அவற்றில் எடுத்துவிட்டார்.

ஷிப்ட் முடிந்ததும் ஓடினேன். ஸ்க்ரூவைக் கழற்றிக் கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தேன். டிஸ்க் இருந்தது, வயர்கள் ஒழுங்காக இருந்தன. (என் வேலையாயிற்றே!) அங்கே இங்கே இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஆன் செய்தேன். டி டிரைவ் வந்துவிட்டது.

"அட! மாப்ள கை வச்சதும் வந்துடுச்சே!" மாமாவின் முகம் மலர்ந்தது.

நானும் ஏதோ செய்துவிட்டவன்போலச் சிரித்துக்கொண்டேன். பிறகு கம்ப்யூட்டரை முறையாக அணைத்து, கதவை மூடி, நாலு ஸ்க்ரூவையும் முறுக்கினேன். மின்சாரத்தில் இருக்கும் இயந்திரத்தின் மூடியை மாட்டக் கூடாது என்பது எங்கள் கம்பெனிப் பாதுகாப்பு விதி. மூடிய பிறகு ஒரு முறை ஆன் செய்து பார்க்க வேண்டும் என்பதும் எங்கள் கம்பெனி விதிதான். ஆனால் அதற்குள் மாமியார் தோசை ரெடி என்று கூப்பிட்டுவிட்டார்.

மறுநாள் காலை டி வந்தது. அதற்கு மறுநாள் வரவில்லை. நான் போனேன், திறந்தேன், வந்தது. மூடினேன், சாப்பிட்டேன், திரும்பினேன். இரண்டு நாள் வந்தது, மூன்றாம் நாள் காணாமல் போனது. இப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவே மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு அடிக்கடிப் போகக் கூடாது. போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். ஆனால் ரிப்பேருக்குப் போகலாம்! ரிப்பேர்காரனை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். நான் உள்ளே நுழைந்தால் ரீனா டார்ச் பிடிக்க வருவாள். பெட்டிக்குள் தலையை விட்டபடி ஊர்க்கதை, கம்பெனிக்கதை எல்லாம் பேசுவோம். அவளுடைய சூப்பர்வைசரைப்போல அவள் பேசிக் காட்டுவாள். பெட்டிக்குள்ளிருந்தபடியே விழுந்து விழுந்து சிரிப்பேன். அந்த டிஸ்க் சீக்கிரம் சரியாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் ஜெபம் செய்யவில்லை.

டி வந்த நேரத்தில் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் நகல் எடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ரீனாவும் கேட்டாள். டி வந்த நேரத்தையெல்லாம் மாமா எடிட்டிங்குக்குச் செலவழித்தார். நான் மீன் குழம்புக்குச் செலவழித்தேன்.

ஆனாலும் குவாலிட்டிக்காரன் காரணம் சொல்லாமல் இருக்க முடியாது. முதலில் கேபிளைச் சந்தேகப்பட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் புதுக் கேபிள் வாங்கி வந்து மாட்டி, பழைய கட்டோடு சேர்த்து இன்னும் இரண்டு டை போட்டு இறுக்கினேன். பிறகு பூனை. பெட்டிக்குப் பக்கத்தில் படுக்கிற வீட்டுப் பூனையை முன்னறையிலிருந்து விலக்கினேன். அப்புறம் கரண்ட். மிக்சி ஓடும்போது வோல்டேஜ் குறைகிறது என்று கண்டுபிடித்து, கம்ப்யூட்டர் ஆன் செய்யும் நேரத்தில் மிக்சி போடத் தடை விதித்தேன். மாமா காலையில் எழுந்ததும் கம்ப்யூட்டரைத்தான் ஆன் செய்வார். அதனால் மாமியார் காலைச் சட்னியை அம்மியில் அரைக்க ஆரம்பித்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மி மட்டும் கொஞ்சம் சத்தமாகக் கேட்டது.

இதற்கு நடுவில் வந்து சேர்ந்தார் பிலோமினம்மா. மாமாவின் அக்கா. அந்தக் குடும்பத்தில் எந்த முடிவும் அவர் தலையசைக்காமல் நடக்காது. வந்தவர் மூன்று விஷயங்களைக் கவனித்தார். மாப்பிள்ளை முதல் தடவை விருந்துக்கு வந்தார். அந்த வாரமே டிஸ்க் படுத்துக்கொண்டது. பத்து வருடமாக அதற்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

"வேதக்காரங்க நாம, ராசியெல்லாம் பாக்கக் கூடாதுதான்" என்று ஆரம்பித்தார். (இப்படி ஆரம்பித்தால் பார்க்கப் போகிறார் என்று அர்த்தம்.) "ஆனா ஒரு வூட்ல மாப்ள கால் வச்ச வேள தொழிலு மொடங்குதுன்னா, இன்னான்னு ஒரு தபா யோசிக்கணும் இல்ல? அடுத்த ஞாயித்துக்கெழம மொத ஓல வாசிக்கிறாங்க. கொஞ்சம் தள்ளிப் போடேன் லூர்து. இன்னா கெட்டுடப் போவுது?"

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும் என்று சாமியார் அறிவிப்பார். பிலோமினம்மாவைப் பொறுத்தவரை தடை தெரிந்துவிட்டது. தடை ஒரு டிஸ்க்.

இதை ரீனா போனில் சொன்னாள். எனக்கு அதுவரை விளையாட்டாக இருந்த விஷயம் அது. ஓலை ஒரு முறை தள்ளிப்போனால் அப்புறம் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? எனக்கு ரீனா வேண்டும். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

"இந்த ஞாயித்துக்கெழம கண்டுபிடிச்சிருதேன்" என்றேன்.

"எப்படி?"

"முறைப்படி."

"அதான் பயமா கீது" என்றாள் ரீனா.

அந்த ஞாயிறு. பூசை முடிந்து எல்லோரும் வீட்டில். காலையில் டி வரவில்லை. நான் வழக்கம்போலப் பெட்டியைத் திறக்கவில்லை. குறை கண்ணெதிரே இருக்கும்போது அதைத் தொடாமல் வைத்து ஆராய வேண்டும் என்பது முறை. பெட்டியின் மேல் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டு யாரும் தொடக் கூடாது என்றேன். சுவரில் பெரிய சார்ட் தாளை ஒட்டி மீன் முள்ளைப்போல ஒரு படம் வரைந்தேன். நடுமுள் குறை, பக்கத்து முள்ளெல்லாம் காரணங்கள். இன்று நடக்கப்போவது ஒய் ஒய் அனாலிசிஸ், அதாவது ஒரு குறைக்கு ஏன் என்று கேட்பது, கிடைக்கிற பதிலுக்கு மறுபடி ஏன் என்று கேட்பது, இப்படி ஐந்து முறை கேட்டால் மூலகாரணம் தானாக வந்து நிற்கும் என்று விளக்கினேன். மாமா, மாமியார், ரீனா, பிலோமினம்மா எல்லோரும் பூசைப் பிரசங்கத்துக்கு உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. வடக்குப்பட்டுக் கல்யாணப் பெண்ணின் அண்ணன் ஏழுமலை. மாப்பிள்ளைப் பையனுக்கு மறுநாள் விமானம், வீடியோ வாங்க வந்திருந்தார். மாமாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஏழுமலை உள்ளே வந்து சார்ட்டைப் பார்த்தார், சிவப்பு அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒய் ஒய்யா சார்?" என்றார். கண்கள் மின்னின. "நானும் கம்பெனிதான். லைன் சூப்பர்வைசர். போன மாசம்கூட எங்க லைன்ல ஒண்ணு பண்ணோம். நீங்க நடத்துங்க, நான் உக்காந்துக்கறேன்."

இந்தப் பக்கத்தில் எதிரே வருகிறவன் எவனாக இருந்தாலும் ஏதாவது ஒரு கம்பெனிக்காரன்தான். அன்று கொஞ்ச நேரத்திலேயே அதற்காக வருத்தப்படப் போகிறேன். அப்போது தெரியாமல், ஆள் கிடைத்தார் என்று சந்தோஷமாக நாற்காலி போட்டேன்.

மார்க்கரைத் திறந்தேன். "முதல் ஏன். இன்னைக்குக் காலைல டிஸ்க் ஏன் வரல?" என்று கேட்டு, நானே "மிக்சி ஓடியதால்" என்று எழுதினேன். அன்று காலை நான் வாசலில் வண்டியை நிறுத்தும்போது மிக்சிச் சத்தம் கேட்டிருந்தது.

"ரெண்டாவது. மிக்சி ஏன் ஓடிச்சு அத்தை?"

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "தேங்கா அரைச்சேன்."

"தேங்கா ஏன் அரைச்சீங்க?"

"மீன் கொழம்புக்கு."

"மீன் கொழம்பு ஏன்?"

"இன்னா கேள்வி இது? நீங்க வரீங்களேன்னுதான்!"

அறையில் லேசாக ஒரு சிரிப்பு எழுந்தது. "சரி, இந்தக் கோணம் முடிஞ்சுது, அடுத்து பூனை" என்று மார்க்கரை மூடினேன்.

"சார், சார்" என்று ஏழுமலை கையைத் தூக்கினார். "நாலுலயே நிறுத்திட்டீங்க. அஞ்சு கேக்கணும் சார்."

"இது போதும்னு..."

"இல்ல சார், ரூல் ரூல்தான். ஆடிட்ல மாட்டிக்குவோம்." அவரே மாமியார் பக்கம் திரும்பினார். "அம்மா, மாப்ள ஏன் வராரு?"

"கம்ப்யூட்டரு ரிப்பேருன்னு வராரு."

"கம்ப்யூட்டரு ஏன் ரிப்பேரு?"

"மிக்சின்னு அவர்தானே எழுதிகினு கீறாரு!" அம்மியில் அரைத்த அத்தனை நாளும் மாமியார் குரலில் இறங்கியிருந்தது. "நான் மிக்சி போட்றது அவருக்காவ. அவரு வர்றது கம்ப்யூட்டருக்காவ. கம்ப்யூட்டரு கெட்டது மிக்சியாலன்றாரு. அப்ப நான் சமைக்காம வுட்டா எல்லாம் சரியாயிடுமா?"

ஏழுமலை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சுத்தி சுத்தி வருது சார். அப்டி வந்தா அது மூலகாரணம் இல்ல. எங்க கம்பெனில இன்னொண்ணு கேப்போம். முன்ன நல்லா இருந்துச்சி, இப்ப கெட்டுடுச்சின்னா, நடுவுல இன்னா மாறிச்சி?"

ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாப்ள வந்தாரு" என்றார் மாமியார். திட்டும் எண்ணத்தில் அல்ல, கேட்ட கேள்விக்குப் பதிலாக.

"அதத்தான் நானும் சொன்னேன்" என்று பிலோமினம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் சொன்னா ராசி பாக்கறேன்பீங்க. இப்ப கம்பெனி மொறப்படியே வந்துடுச்சா? லூர்து, ஓலயத் தள்ளி வையி."

நானே ஒட்டிய சார்ட், நானே பிடித்த மார்க்கர், நானே கூட்டிய கூட்டம். எனக்கு எதிராக நானே வழக்குப் போட்டு, சாட்சியும் தேடிக் கொடுத்து, தீர்ப்புக்குக் காத்துக்கொண்டிருந்தேன். மாமா தலையைக் குனிந்துகொண்டார். இந்த வீட்டில் இனி எனக்கு மீன் இல்லை, ரீனாவும் இல்லை என்றே நினைத்தேன்.

அப்போதுதான் ரீனா எழுந்தாள்.

"அத்த, அவரு வந்தாரு, சரி. வந்து இன்னா பண்ணாரு? அதயும் கேக்கணும் இல்ல?"

"இன்னா பண்ணாரு, சாப்ட்டாரு."

"அதுக்கு முன்னாடி?"

ரீனா நேராகப் பெட்டியிடம் போனாள். "பத்து வருசமா இந்தக் கதவு தொறந்துதான் கெடந்துச்சி. இவரு வந்துதான் மூடினாரு. ரிப்பேர் பண்ணும்போது தொறப்பாரு, அப்ப டி வரும். போவும்போது மூடிட்டுப் போவாரு, அப்புறம் வராது. நான் டார்ச் புடிச்சிகினு எத்தினி நாளு பாத்தேன்!" சிவப்பு அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தாள். "தொறங்க."

திறந்தேன். ஆன் செய்தோம். திரையில் டி வந்தது.

"பாஸ்" என்றாள் ரீனா. "மூடுங்க."

அணைத்தேன். மூடினேன். முழங்காலால் அழுத்தி நாலு ஸ்க்ரூவையும் முறுக்கினேன். ஆன் செய்தோம். டி இல்லை.

"ஃபெயில்."

"ஒரு தபா பத்தாது சார், கன்ஃபர்ம் பண்ணணும்" என்றார் ஏழுமலை. (இந்த மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.) மறுபடி திறந்தேன், பாஸ். மறுபடி மூடினேன், ஃபெயில். இன்னொரு தரம் திறந்தேன், பாஸ். எல்லோருக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, அசடு வழிய ஸ்க்ரூவைக் கழற்றுவதும் முறுக்குவதுமாக இருந்தேன். மாமா டார்ச் அடித்துப் பார்த்தார். நான் டை மேல் டை போட்டு இறுக்கிய அந்த அழகான வயர்க்கட்டு தடித்து வெளியே புடைத்து நின்றது. கதவு மூடும்போதெல்லாம் அந்த வயர்க்கட்டை அழுத்தியது. கட்டு டிஸ்க்கின் கேபிளை இழுத்தது. கேபிளின் முனை டிஸ்க்கிலிருந்து நகத்தளவு கழன்றது. ஒரு நாள் ஒட்டிக்கொண்டிருந்தால் டி வரும், ஒரு நாள் விலகிப்போனால் வராது. புதுக் கேபிள் வாங்கியும் பலன் இல்லை, அதையும் அதே கட்டில் சேர்த்து இன்னும் இறுக்கியிருந்தேன். பூனை நிரபராதி. மிக்சியும் நிரபராதி.

ரீனா பிலோமினம்மாவைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "பாத்தீங்களா அத்த? இவருக்கு ராசியெல்லாம் ஒரு கொறயும் இல்ல. கொஞ்சம் ஓவரா வேல செய்யறாரு, அவ்ளோதான்."

என் வாழ்க்கையில் எனக்காக யாரும் இவ்வளவு உருப்படியாக வாதாடியதில்லை. ராசி கெட்டவன் என்ற பட்டத்திலிருந்து என்னைக் காப்பாற்ற அவள் செய்ததெல்லாம், நான் ஒரு மடையன் என்று எல்லோர் முன்னிலையிலும் மூன்று முறை நிரூபித்ததுதான். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அவளை அந்த இடத்திலேயே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

முதலில் சிரித்தது மாமாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்து மாமியார், அவரைப் பார்த்து ஏழுமலை. கடைசியில் பிலோமினம்மாவாலும் அடக்க முடியவில்லை. "அடப்பாவி, இதுக்கா நான் வேளாங்கண்ணிக்கு நேந்துகினேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ரீனா கத்தரிக்கோல் கொண்டுவந்து என் கேபிள் டைகளை ஒவ்வொன்றாக வெட்டினாள். வயர்கள் பழையபடி தொங்கின. டி வந்தது, அப்படியே நின்றது. ஏழுமலை எங்களோடு உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, மாலையில் வீடியோவை வாங்கிக்கொண்டு போனார். போகும்போது என் கையைக் குலுக்கி, "நல்ல மீட்டிங் சார்" என்றார்.

அடுத்த ஞாயிறு ஓலை வாசித்தார்கள். சாமியார் தடை ஏதும் இருந்தால் தெரிவிக்கவும் என்றபோது, முன் வரிசையிலிருந்து பிலோமினம்மா திரும்பி என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார்.

எங்கள் கல்யாண வீடியோவை மாமா தன் கையாலேயே எடிட் செய்தார். நான் கோட்டு சூட்டில் கோயில் படி ஏறுகிற இடத்தில் பூ மழை பொழியும், மணி அடிக்கும், நடுவிலே அந்த மீன் முள் சார்ட் சுழன்று வந்து திரை முழுக்க நிற்கும். ஊரிலிருந்து வந்த என் அம்மா அதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, "எதுக்குல இது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. அந்த வீட்டில் வேறு எல்லோரும் சொன்னார்கள்.

இந்தக் கதையில் குடும்பம் இன்றைக்கும் இரண்டு கட்சி. ரீனாவைப் பார்க்க வருவதற்காகவே மாப்பிள்ளை வேண்டுமென்று இறுக்கிக் கட்டினார் என்பது ஒரு கட்சி. அவருக்கு அவ்வளவு மூளை இருந்தால் அன்று ஏன் கூட்டம் போட்டார் என்பது இன்னொரு கட்சி. விசேஷ வீடுகளில் முதல் கட்சிக்கு நான் ரகசியமாக ஆதரவு திரட்டுவேன். இரண்டாவது கட்சிக்குத் தலைவி என் மனைவி.

அந்தப் பக்கக் கதவை அதற்குப் பிறகு யாரும் மாட்டவில்லை. மாமியார் அதைக் கொல்லைப்புறத்தில் தண்ணீர் டிரம்முக்கு மூடியாக வைத்திருக்கிறார். என் மஞ்சள் பட்டை இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டில் நான் எந்தக் கதவைச் சாத்தப் போனாலும், "மாப்ள, லேசா தொறந்தே வைங்க" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.

இப்போது எங்கள் மகளுக்கு எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கிற வயது. போன ஞாயிறு மாமியார் மடியில் உட்கார்ந்து, தண்ணீர் டிரம்முக்கு ஏன் அந்தத் தகர மூடி என்று ஆரம்பித்தாள். அது கம்ப்யூட்டர் கதவு என்றார் மாமியார். கம்ப்யூட்டருக்கு ஏன் கதவு இல்லை? போட்டால் வேலை செய்யாது. ஏன் செய்யாது? வயரைக் கட்டி வைத்திருந்தார்கள். ஏன் கட்டினார்கள்? நீட்டாக இருக்கட்டும் என்று. மாமியார் பேத்தியின் கன்னத்தைக் கிள்ளி, என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நாலு ஆச்சி கண்ணு. அஞ்சாவது ஏன் மட்டும் கேக்காத. அதுல உங்கப்பாதான் வருவாரு."